போகும்போது ஆறு கிலோ, திரும்பும்போது பத்தொன்பது

வீட்டிலிருந்த பைக்குப் பின்னால் நானே சட்டகம் செய்து பொருத்திய முதுகுப்பை தேறிவிட்டது: சட்டகம் வளையவில்லை, நாடா நழுவவில்லை, இடுப்புப் பெல்ட் இறங்கவில்லை. காடாம்புலியூர்ப் பக்கம் இருக்கும் சித்தப்பாவின் தோப்பிலிருந்து 14.3 கிலோ பலாப்பழம் ஒன்றையும், கேமரா, பைனாகுலர் வகையறாக்களையும் முதுகிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் வீசியபடி பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்துவிட்டேன். எனவே அளவுகளும் விலைகளும் எழுதிய தாள் தொலைவதற்குள் எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறேன்.

என் தேவை கொஞ்சம் விசித்திரமானது. நான் வண்டி ஓட்டுவதில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி. அங்கே வேறு பஸ். இறங்கிச் செம்மண் தடத்தில் இரண்டு கிலோமீட்டர் நடை. விடிந்ததும் முந்திரி மரங்களுக்கு நடுவே கௌதாரி, பனங்காடை, செம்போத்து என்று பார்த்துக்கொண்டு திரிவேன். அதற்கு வேண்டியதெல்லாம் கேமரா, பைனாகுலர், ஒரு லிட்டர் தண்ணீர், டிபன் டப்பா. மொத்தம் மூன்றரை கிலோ. பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் பையே போதும். ஆனால் சித்திரையிலிருந்து ஆனிவரை அந்தத் தோப்பிலிருந்து யாரும் வெறுங்கையோடு திரும்ப முடியாது. சித்தி விடமாட்டார். பழத்தைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டு நடந்தால் முள் சாக்கைத் தாண்டிக் குத்தும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தோள் மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் கழுத்தில் கேமரா ஊஞ்சலாடும்.

போகும்போது இலேசாகவும் திரும்பும்போது கனமாகவும் இருக்க வேண்டிய பையை யார் செய்திருக்கிறார்கள் என்று தேடியபோது கண்ணில் பட்டவர்கள் அமெரிக்க வேட்டைக்காரர்கள். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை முடிந்த கதை. அங்கே உரிமம் பெற்று எல்க் என்னும் பெரிய மானைத் தேடிப் போகிறவர் காலையில் பைனாகுலர், தண்ணீர், மேல்கோட்டு மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வேட்டை கிடைத்தால் இறைச்சியைப் பிரித்து, ஒரு நடைக்கு இருபது முப்பது கிலோ என்று முதுகில்தான் இறக்கியாக வேண்டும். அதற்காக அவர்கள் பையையும் சட்டகத்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். வாரைத் தளர்த்தினால் பை சட்டகத்தை விட்டு விலகும். நடுவே கிடைக்கும் இடைவெளியில் இறைச்சி மூட்டையை வைத்து, பையை அதன்மேல் இழுத்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கனமான சரக்கு முதுகெலும்பை ஒட்டி நிற்கும்; இலேசான பை வெளிப்பக்கம் போய்விடும். மொன்டானாவில் தொடங்கிய மிஸ்டரி ராஞ்ச் நிறுவனம் இந்த அமைப்பை ஓவர்லோட் என்று சொல்கிறது. வெளியே தெரியும் அலுமினியச் சட்டகமும் இடுப்பில் சுமை தாங்கும் யோசனையும் இன்னும் பழையவை. டிக் கெல்ட்டி என்பவர் 1952-லேயே கலிபோர்னியாவில் அத்தகைய பைகளை விற்கத் தொடங்கியிருக்கிறார். வேட்டைக்கென்றே வரும் இன்றைய பைகள் சட்டகத்தோடு சேர்த்து ஐந்நூறு டாலரைச் சுலபமாகத் தாண்டும், சுங்க வரி தனி. சித்தப்பாவின் பலாப்பழத்துக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அதற்காகக் கடைகளைப் பார்க்காமல் விடவில்லை. கடலூரிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை லிட்டர் சார்?” பையின் கொள்ளளவைத்தான் கேட்கிறார்கள். நான் கையோடு ஒரு பத்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுபோயிருந்தேன். உள்ளே போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும் விற்பனைப் பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி அரிசிப் பையைப் பார்த்தார். சரி என்றார்கள். அந்த ஒரு சோதனை லிட்டர் கணக்கையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது. பையை மாட்டி, இடுப்புப் பெல்ட்டை நன்றாக இறுக்கி, பிறகு தோள்வார்களை முழுக்கத் தளர்த்த வேண்டும். சுமை இடுப்பிலேயே உட்கார்ந்திருந்தால் உள்ளே சட்டகம் இருக்கிறது, பெல்ட்டும் வேலை செய்கிறது. பை அப்படியே மடங்கிப் பின்னால் சாய்ந்தால், எத்தனை லிட்டராக இருந்தாலும் அது துணிமூட்டைதான். 30, 40 லிட்டர் பைகளில் நான் பார்த்தவை எல்லாம் சாய்ந்தன. அவற்றில் பலவற்றுக்குப் பெல்ட் என்று இருப்பது ஃபோம் வைக்காத வெறும் நாடா. பை ஆடாமல் பிடிக்குமே தவிர, எடை தாங்காது.

60 லிட்டர் மலையேற்றப் பை ஒன்று நன்றாகவே நின்றது. அதை வாங்காததற்குக் காரணம் பலாப்பழம்தான். அந்தப் பையில் பழம் போவதற்குக் கேமரா முதல் டிபன் டப்பாவரை எல்லாவற்றையும் மண்ணில் எடுத்து வைக்க வேண்டும். காம்பில் வடியும் பால் உட்புறத் துணியில் ஒருமுறை ஒட்டினால் அப்புறம் அது பை அல்ல, ஈ ஒட்டும் தாள். காலையில் மூன்றரை கிலோவுக்காக அவ்வளவு பெரிய காலிப் பையைச் சுமப்பதும் எரிச்சல்.

ஆக, வீட்டில் கிடந்த 30 லிட்டர்ப் பையை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் சட்டகம் மட்டும் செய்வது என்று திட்டம்.

முதலில் அரை அங்குல பிவிசி குழாய். மலிவு, அறுப்பது சுலபம், முழங்கை இணைப்புகள் எல்லா ஹார்டுவேர் கடையிலும் உண்டு. ஏணி வடிவில் ஒட்டி, மறுநாள் பத்து கிலோ தண்ணீர் கட்டி மாடிப்படி ஏறினேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறக்கி வைக்கும்போது ஒரு மூலை மட்டும் முதலில் தரையில் படுமே, அந்த மூலையின் முழங்கை விரிந்துவிட்டது. சுமையை யாரும் நான்கு மூலையும் சமமாகப் படும்படி இறக்கி வைப்பதில்லை. குழாய் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்தது அலுமினியம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: தெருமுனைப் பட்டறைகளில் இரும்பை ஒட்டுவார்கள், அலுமினியத்தைத் தொடமாட்டார்கள். வெல்டிங் இல்லாமல், நட்டு போல்ட்டில் மட்டும் நிற்கிற அமைப்பாக யோசித்தால்தான் நம் ஊரில் வேலை நடக்கும். இரண்டு அலுமினிய ஃபிளாட்டுகள், அதாவது தட்டையான பட்டைகள், செங்குத்தாக, அவற்றை இணைக்க ஒரு பிளாஸ்டிக் தகடு. அவ்வளவுதான் சட்டகம்.

நீளத்துக்கு முதுகை அளக்க வேண்டும், உயரத்தை அல்ல. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு புடைக்கும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் கட்டைவிரல்களை வைத்தால் முதுகில் அவை சந்திக்கும் மட்டம்வரை. மனைவி தையல் டேப்பால் அளந்தார்: 47 சென்டிமீட்டர். அதற்குமேல் 10 சென்டிமீட்டர், தோளுக்கு மேலிருந்து வாரை முன்னால் இழுத்துப் பிடிக்க. கீழே 5 சென்டிமீட்டர், பெல்ட்டுக்குக் கீழே பழத்தைத் தாங்கும் தட்டு அமைக்க. மொத்தம் 62. பஸ்ஸில் உட்காரும்போது தலையை இடிக்காத உயரமும் இதுதான் என்பது பிறகு தெரிந்தது.

ஃபிளாட் முதலில் வாங்கியது 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம். வெளிநாட்டுப் பைகளிலும் ஏறக்குறைய இந்தக் கனம்தான். ஆனால் அவை கடினமான கலவை. நம் கடைகளில் கிடைப்பது ஜன்னல், கதவுக்கு வரும் மென்மையான ரகம். கையாலேயே முதுகின் வளைவுக்கு வளைத்துவிட்டேன் என்று மகிழ்ந்தது வீண். கையால் வளைவது சுமைக்கும் வளையும் அல்லவா? 15 கிலோ ஏற்றி அரை மணி நேரம் நடந்தபின் கழற்றி, தரையில் வரைந்து வைத்திருந்த கோட்டின்மேல் வைத்துப் பார்த்தால், மேல்முனை இரண்டு விரற்கடை பின்னால் போயிருந்தது. 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மாறினேன். எடை ஒன்றுக்கு 126 கிராமிலிருந்து 209 கிராம் ஆனது. வளைக்க வைஸ், அதாவது மேசையில் பொருத்திய இறுக்குப்பிடி வேண்டும். முதுநகரில் ஒரு லேத் பட்டறையில் வைஸைப் பயன்படுத்தக் கேட்டேன். காசு வாங்கவில்லை, என்ன செய்கிறேன் என்ற விளக்கத்தைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

வளைப்பதிலும் ஒரு நிதானம் உண்டு. ஒரே இடத்தில் மடக்கினால் அந்த இடம் வெளிறிப்போய், மயிரிழை போல நுண்ணிய கோடுகள் தெரியும். பின்னாளில் அங்கேதான் முறியும். வைஸில் பிடித்து, ஒரு விரல் நகர்த்தி, கொஞ்சம் வளைத்து, மறுபடி ஒரு விரல் நகர்த்தி, இப்படியே போக வேண்டும். இடுப்புக்குழியில் உள்ளே, தோள்பட்டை எலும்பில் வெளியே, கழுத்துக்குப் பின்னால் மறுபடி இலேசாக உள்ளே. இரண்டு ஃபிளாட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வெளிச்சம் தெரியக்கூடாது.

பிளாஸ்டிக் தகடு பழைய நீல டிரம்மிலிருந்து வந்தது. கடலூரில் பழைய டிரம் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இதில் முன்பு என்ன இருந்தது? சிப்காட் ரசாயன ஆலைகள் இருக்கும் ஊர். மூக்கால் சோதிப்பதும் நல்லதல்ல. எனக்குக் கிடைத்தது ஊறுகாய் வந்த டிரம், கடைக்காரர் மூடியில் ஒட்டிய தாளையும் காட்டினார். 55-க்கு 25 சென்டிமீட்டர் அளவில் ஹேக்ஸாவால் அறுத்து, மொட்டைமாடி வெயிலில் செங்கல் ஏற்றிக் காயவைத்தேன். டிரம்மின் வளைவு முழுக்கப் போகவில்லை. ஃபிளாட்டில் முடுக்கியதும் போனது. எடை 330 கிராம். முதுகு வியர்த்தால் இன்றும் இலேசாக எலுமிச்சை ஊறுகாய் வாசனை வருகிறது. அதற்கு மருந்து கிடைக்கவில்லை.

இணைப்புக்கு 5 மில்லிமீட்டர் போல்ட், நைலான் வளையம் உள்ள நட்டு, இரண்டு பக்கமும் அகன்ற வாஷர். வாஷர் இல்லாமல் போட்டால் போல்ட் தலை பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டே போகும். ரிவிட் அடிக்கலாம் என்று சொன்னார்கள். கழற்ற முடியாத எதையும் முதல் முயற்சியில் போடக்கூடாது என்பது என் கட்சி.

இடுப்புப் பெல்ட்டுக்கும் பக்கிள்களுக்கும் புதுச்சேரி போனேன். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலையில் விரியும் சந்தையில், அடிப்பக்கம் கிழிந்த மலையேற்றப் பை ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தது. விற்றவருக்கு அது குப்பை. எனக்கு அது கெட்டியான ஃபோம் வைத்த பெல்ட், 50 மில்லிமீட்டர் பக்கிள், ஒரு ஜோடி வளைந்த தோள்வார். இவற்றைப் புதிதாகத் தைக்கச் சொன்னால் ஆகும் கூலிக்கும் ஃபோமுக்கும் முன்னால் 150 ஒன்றுமே இல்லை. பெல்ட்டை வாங்கும்போது விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்திய குழி உடனே நிமிர வேண்டும். பஞ்சுபோல் மிருதுவாக இருந்தால் கடையில் சுகமாக இருக்கும், பத்து கிலோவில் காகிதமாகிவிடும்.

தையல் வேலை தார்ப்பாய் தைக்கும் பாயிடம். பை தைக்கிறவர்களிடம் இருக்கும் மெஷின் இத்தனை அடுக்கை ஏற்காது. லாரி தார்ப்பாய் தைக்கும் மெஷின் ஏற்கும். நான் தடித்த துணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, துணி கிழியாது. தையல்தான் பிரியும்.” தோள்வார் சேரும் இடத்தில் ஒற்றைத் தையலுக்குப் பதிலாக ஒரு கட்டம் போட்டு, உள்ளே குறுக்காகப் பெருக்கல் குறி போட்டார். நூலைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்து, பருத்தி நூல் வேண்டாம், மழையில் இற்றுவிடும் என்று நைலான் நூலை மாற்றினார். நாடாவின் வெட்டு முனையைத் தீக்குச்சியால் சுட்டு, ஈர விரலால் நசுக்கியது மட்டும் நான் செய்யமாட்டேன்.

தட்டு என்பது பெல்ட்டுக்கு நேர் பின்னால், சட்டகத்தின் அடியிலிருந்து 20 சென்டிமீட்டர் நீளும் தார்ப்பாய் மடிப்பு. அதன் இரண்டு மூலைகளிலிருந்தும் நாடா கிளம்பிச் சட்டகத்தின் நடுப்பகுதிக்கு வரும். பழம் அந்த மடிப்பில் உட்காரும், மேலே பை வரும், பக்கத்துக்கு இரண்டு நாடாக்கள் பையையும் பழத்தையும் சேர்த்துச் சட்டகத்தோடு இறுக்கும். உச்சியிலிருந்து ஒரு நாடா இறங்கி எல்லாவற்றையும் மூடும். தட்டு இல்லாமல் நாடாக்களால் மட்டும் கட்டிப் பார்த்தபோது முட்டை வடிவப் பழம் எவ்வளவு இறுக்கினாலும் அடிவழியாக வழுக்கியது.

சோதனைக்கு வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைவிட நல்ல எடைக்கல் கிடையாது. தட்டில் வைத்து மாடி ஏறி இறங்கினேன். சட்டகம் அசையவில்லை, ஆனால் பெல்ட் மெல்லத் தொடைக்கு இறங்கியது. பெல்ட்டைச் சட்டகத்தின் அடிமுனையில் மட்டும் பிணைத்திருந்ததால், முதுகில் அதைப் பிடிக்க ஒன்றுமில்லை. இடுப்புக்குழியில் பொருந்தும்படி ஃபோமை மூன்று அடுக்காகச் சரித்து ஒட்டி ஒரு திண்டு வைத்தேன். பெல்ட்டின் இரண்டு சிறகுகளிலிருந்தும் சட்டகத்துக்குச் சாய்வாக ஒரு நாடா போட்டதும் இறங்குவது நின்றது.

பிறகு 5 லிட்டர் கேன் மூன்றைக் கட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடந்தேன். கடற்கரையில் தண்ணீர் கேன் சுமந்து நடப்பவனிடம், “லிட்டர் எவ்வளவுண்ணே?” என்று ஒருவர் கேட்டார். அங்கே வெளிப்பட்ட குறை நாடா. மலிவான, பளபளப்பான பாலிபுரோப்பிலீன் நாடா, பக்கிளில் மெல்ல மெல்ல நழுவியது. கிளம்பும்போது பக்கிள் விளிம்பில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தேன். திரும்பியபோது கோடு 4 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. சுமை அவ்வளவு தூரம் முதுகை விட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். தோள் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சொரசொரப்பான, கனத்த நைலான் நாடாவாக எல்லாவற்றையும் மாற்றி, பக்கிள்களையும் பல் வைத்த ரகமாக வாங்கினேன். மறுபடி கோடு போட்டுப் பார்த்தபோது, கோடு போட்ட இடத்திலேயே நின்றது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பிவிசி 90, 3 மில்லிமீட்டர் ஃபிளாட் 150, முதல் நாடா 120. இவை மூன்றும் பயன்படாமல் போனவை. 5 மில்லிமீட்டர் ஃபிளாட் 260, டிரம் துண்டு 100, சந்தைப் பை 150, நைலான் நாடா 200, பக்கிள் 100, ஃபோம் 120, தார்ப்பாய்த் துணி 180, நட்டு போல்ட் 70, தையல் கூலி 500. கூட்டினால் 2,040 ரூபாய். நேராக இந்த வடிவத்துக்கே வருகிறவருக்கு 1,680 போதும், பழைய பை ஒன்று வீட்டில் இருந்தால். மொத்தப் பையின் எடை 2.4 கிலோ. சட்டகம் இல்லாத பை 650 கிராம்தான். காலையில் அந்தக் கூடுதல் எடை தெரியத்தான் செய்கிறது.

தோப்பில் நடந்தது இது. பழத்தைப் பறித்ததும் கட்டக்கூடாது. காம்பைக் கீழே பார்க்கவைத்துப் பால் வடியும்வரை காத்திருந்து, செய்தித்தாளை நான்காக மடித்துக் காம்பில் சுற்றிக் கட்டி, அப்புறம் காம்பு மேலே இருக்கும்படி தட்டில் வைத்தேன். முள்ளுக்கும் பிளாஸ்டிக் தகட்டுக்கும் நடுவே ஒரு மடி சாக்கு; முள் முதுகைத் தொடாது என்றாலும் தகட்டில் உரசி ‘கிறீச்’ என்று ஒவ்வோர் அடிக்கும் கத்தும், அதை நிறுத்தத்தான். முதலில் பெல்ட்டை இறுக்கினேன், பிறகு தோள்வார், கடைசியாகத் தோளுக்கு மேலிருந்து வரும் சிறிய வார். அந்தச் சிறிய வாரை இழுத்த கணம், பின்னால் சாய்ந்திருந்த பழம் முதுகோடு வந்து ஒட்டியது. தண்ணீரும் சாப்பாடும் தீர்ந்த நிலையில் மொத்தம் 19.2 கிலோ. என் எடையில் கால் பங்குக்கும் மேல். நாள் முழுவதும் நடக்க இது அதிகம். இரண்டு கிலோமீட்டருக்குச் சரி. சித்தப்பா மட்டும், “ஒரு போன் போட்டால் பையன் டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து விட்டிருப்பானே” என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை.

பஸ்ஸில் கழற்றிச் சீட்டுக்கு அருகில் நிறுத்தியபோது அது தானாக நின்றது. கண்டக்டர் சுற்றிப் பார்த்து, “பழத்துக்கு நாற்காலி செய்திருக்கிறீர்களா?” என்றார். லக்கேஜ் டிக்கெட் போடவில்லை.

அடுத்ததில் மாற்ற வேண்டியவை இருக்கின்றன. பிளாஸ்டிக் தகடு முதுகில் ஒட்டிக்கொண்டு காற்றே விடுவதில்லை; வைகாசி வெயிலில் சட்டையைப் பிழியலாம். 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டது பெரிதாக உதவவில்லை. நடுவில் முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஃபிளாட்டுக்கும் நடுவே வலைத்துணியை இழுத்துக் கட்டினால் முதுகு தகட்டைத் தொடாது. பெல்ட்டை மேலும் கீழும் நகர்த்த மூன்று வரிசைத் துளை வேண்டும். இப்போது இது எனக்கு மட்டுமே பொருந்துகிறது, மனைவி மாட்டினால் பெல்ட் வயிற்றுக்கு வருகிறது. 25 சென்டிமீட்டர் அகலத்தை 28 ஆக்கலாம். அகன்ற பழம் ஒரு பக்கம் சரிகிறது.

தேங்காய்க்கு இந்தத் தட்டு உதவவில்லை. எட்டு காய் கட்டியதில் இரண்டு பக்கவாட்டில் நழுவி ஓடின. தட்டின் விளிம்பில் கொக்கி வைத்து ஒரு வலையை மாட்டிக்கொள்ள வேண்டும். தேவனாம்பட்டினத்தில் கழித்துப் போட்ட நைலான் வலைத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கண் கொஞ்சம் பெரியது, சின்னக் காய் வெளியே வந்துவிடும். இரண்டாக மடித்துத் தைக்கச் சொல்லிப் பாயிடம் கொடுத்திருக்கிறேன்.